ஏழு சாண் ரொட்டவேட்டர்

ஆஸ்டினுக்குக் கிழக்கே, நம் காட்டிலிருந்து,
டெக்சாஸ்.
28-3-1999, ஞாயிற்றுக்கிழமை.

என் செவலையே,

உங்கள் மரகதம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகன் திருமூர்த்தியும் மருமகள் வான்மதியும் சௌக்கியம். டிராக்டரும் சௌக்கியம். தாங்கள் இருக்கும் இடத்தில் மழை உண்டா, சாப்பாட்டுக்கு ரசம் வைக்கிறார்களா, சர்க்கரை மாத்திரை கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் இந்தத் தபால் ஒரு பக்கமாகத்தான் போகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

செவலை என்று எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் நான் என்றைக்கும் ஏனுங்க என்றுதான் கூப்பிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தால் காது ரெண்டும் செவலை மாட்டின் காது மாதிரி செவந்துபோகும், அதைப் பார்த்து நான் வைத்த பேர், அது நம் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கடுதாசியை யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி அம்மா சத்தியம் பண்ணியிருக்கிறாள், அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரி அம்மா யாரென்றால், நீங்க போன பிற்பாடு வான்மதி என்னை மாசம் ரெண்டு தடவை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், அதை நடத்துகிற அம்மா. ஊட்டுக்காரரைப் பறிகொடுத்தவங்க, பொண்டாட்டியைப் பறிகொடுத்தவங்க, ஒரு ஆள் நாயைப் பறிகொடுத்துட்டு வந்திருக்குது, எல்லாரும் வட்டமா நாற்காலி போட்டு உக்காந்து மாத்தி மாத்தி அழுவாங்க. எனக்குத்தான் இந்த அஞ்சு மாசமா அழுகையே வர மாட்டேங்குதுங்க. நான் பாட்டுக்கு அங்க வெச்சிருக்கற பிஸ்கட்டைத் தின்னுட்டு உக்காந்திருப்பேன், நாய்க்காரர் எனக்கும் சேத்து அழுதுக்குவாரு. போன தடவை அந்த அம்மா எல்லாருக்கும் ஆளுக்கொரு காயிதத்தைக் குடுத்து, போனவங்ககிட்ட சொல்லாம விட்டுப்போனதை எழுதிக்கிட்டு வாங்கன்னுட்டா. நான் ரோசனை பண்ணிப் பாத்தேன். முப்பத்தெட்டு வருசத்துல நான் உங்ககிட்ட சொல்லாம விட்டதுன்னு ஒண்ணும் இல்லீங்க, சொல்ல வேண்டாததையும் சொல்லித்தான் இருக்கறேன். புதுசா சொல்றதுக்கு ஒரே ஒரு சேதிதான் இருக்குது. ரொட்டவேட்டர் வாங்கியாச்சுங்க.

நீங்க ஐப்பசியில அந்தச் சாய்வு நாற்காலில உக்காந்து, மடியில ரொட்டவேட்டர் நோட்டீசு ரெண்டை விரிச்சு வெச்சுக்கிட்டு, எதை வாங்கறதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டே மாரைப் புடிச்சுட்டீங்க. அதுக்கப்பறம் அந்த டிராக்டர் கொட்டாயிலயே நின்னுபோச்சு. திருமூர்த்தி அதைக் கண்கொண்டு பாக்க மாட்டேங்கறான். கொட்டாய்ப் பக்கம் போகவே கூடாதுன்னு காரை மழையில நனையவிட்டு முன்னாலயே நிறுத்தறான். எனக்குத் தெரியாதா, நீங்க போனப்பறம் அவன் வாய்விட்டு ஒரு சொட்டு அழுகலை, அதையெல்லாம் கொண்டுபோயி அந்த டிராக்டர் மேல வெச்சிருக்கறான். தை மாசம் ஒருநா சோத்துத் தட்டு முன்னால உக்காந்துட்டுச் சொல்றான், "அம்மா, மார்ச் முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அந்தக் காட்டுல வெதை விழுகலீன்னா டிராக்டரைப் பேப்பர்ல போட்டு வித்துடறேன். கோடையில நெலத்தையும் வித்துட்டு டவுனுக்குள்ள ஊடு பாக்கறேன். தெனமும் ஒண்ணேகால் மணி நேரம் டிரைவ் பண்ணி என்னால முடியலை, ரெண்டாயிரமாவது வருசம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோயிரும்னு ஆபீசுல உசுரை எடுக்கறாங்க." வெதை எப்படி விழும், நீங்க இருக்கையில பக்கத்துக் காட்டு லீராயைக் கூப்பிட்டு அவரோட பெரிய டிராக்டர்ல சட்டிக் கலப்பை போட்டு ஒரு ஏக்கரைப் பொரட்டி வெச்சீங்க, அதோட சரி, கட்டி ஒண்ணொண்ணும் ஆட்டுக்கல்லுத் தண்டி கெடக்குது. அதை ஒடைச்சுப் பொலபொலன்னு ஆக்க, டிராக்டருக்குப் பின்னால கத்தி சுத்தற ரொட்டவேட்டர் வேணும். லீராய்கிட்ட அது கெடையாது, அவரு வைக்கோல்காரரு. எனக்கு அப்ப ஒரு வீறாப்பு வந்துச்சுங்க. உங்க ஆசைக்கு வாங்குன காடு, உங்க ஆசைக்கு வாங்குன டிராக்டர், என்ற கண்ணு முன்னால பேப்பர்ல போயிருமான்னு. "மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ள வெதை விழுகும்டா, அதை நான் பாத்துக்கறேன்"னுட்டேன். "யாரு டிராக்டர் ஓட்டறது?"ன்னான். "உன்ற ஆத்தா"ன்னேன். வான்மதிக்கு ரசம் மூக்குல ஏறிப்போச்சு.

எந்த ரொட்டவேட்டரு வாங்கறதுன்னு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, கொட்டாயிச் செவுத்துலதான் நீங்க பென்சில்ல எழுதி வெச்சிருக்கறீங்களே, "அகலம் ஏழு சாண்"னு. அதுக்குக் கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ இன்னொரு கோடு. நீங்க ரெட்டைக் கோடு போட்டா அதுக்கு மேல பேச்சில்லைன்னு எனக்குத் தெரியும். வான்மதி சனிக்கிழமை என்னைக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. நீங்க பதிமூணு தடவை போயி ஒண்ணும் வாங்காம வந்தீங்களே, அந்தக் கடைதான். கடைக்காரரு என்னைப் பாத்ததும் தொப்பியைக் கழட்டி நெஞ்சு மேல வெச்சுக்கிட்டாரு, உங்களை அவங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்குது. ஒண்ணும் வாங்காதவரை இத்தனை மரியாதையா ஞாபகம் வெச்சிருக்கற கடையை நான் இங்கதானுங்க பாத்தேன். அப்பறம் அவரு கேக்க ஆரம்பிச்சாரு. "அத்தை, கியர்ல ஓடறது வேணுமா, செயின்ல ஓடறது வேணுமான்னு கேக்கறாரு"ன்னா வான்மதி. செயினுன்னா அந்துபோகும், கியரு போடச் சொல்லுன்னேன். "கத்தி முன்பக்கமாச் சுத்தணுமா, பின்பக்கமாச் சுத்தணுமாம். பின்பக்கமாச் சுத்துனா மண்ணு மாவாட்டம் ஆகுமாம், ஆனா டிராக்டருக்கு ரொம்ப பவர் வேணுமாம்"னா. நம்முளுது சின்ன டிராக்டர், இருபத்தஞ்சு குதிரை, முன்பக்கமாவே சுத்தட்டும்னேன். "கல்லு மாட்டுனா போல்ட்டு ஒடியற மாதிரி வேணுமா, இல்லை கிளட்ச்சு வழுக்கிக் குடுக்கற மாதிரியா?" எனக்கு இது புடிச்சிருந்துச்சுங்க. கல்லு வந்தா ஒடியறது ஒரு சாதி, கொஞ்சம் வழுக்கி விட்டுக்குடுத்துட்டு மறுபடியும் சுத்தறது ஒரு சாதி. நான் முதல் சாதியோட முப்பத்தெட்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கறேன், ரெண்டாவதையே குடுங்கன்னேன். வான்மதி இதை இங்கிலீசுல சொல்லலை, அவளாச் சிரிச்சுக்கிட்டா. கடைசியா எத்தனை அகலம்னாரு. "ஏழு சாண்"னேன். அவரு முழிச்சாரு. நானே களத்துல எறங்கிட்டேன். அங்க மூலையில பழசு ஒண்ணு நின்னுச்சு, துருவும் தூசியுமா, கியருதான், கிளட்ச்சுதான். நான் குனிஞ்சு கையை விரிச்சு ஒரு கோடியில இருந்து சாண் போட்டேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, சரியா ஏழாவது சாண் அந்தக் கோடியில போயித் தொட்டுச்சு பாருங்க, எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. நீங்க எனக்குன்னு எடுத்து வெச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. பேரமே பேசாம வாங்கிட்டேன். கடைக்காரரு என்னவோ சொல்ல வாயெடுத்தாரு, "எங்க மாமா அளந்தது"ன்னு வான்மதி சொன்னதும் மூடிக்கிட்டாரு.

ஊட்டுக்குக் கொண்டாந்து லீராய் மாட்டிக்குடுத்தாரு. லீராய் இங்கிலீசுல பேசறாரு, நான் தமிழ்ல பேசறேன், மிசினு ரெண்டையும் கேட்டுக்குது. மாட்டி முடிச்சுட்டு ரெண்டடி பின்னால போயி நின்னு பாத்தாரு. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பாத்தாரு. இன்னொரு பக்கமும் சாய்ச்சாரு. அப்பறம் டிராக்டரோட பின்சக்கரத்தைக் காட்டி, ரொட்டவேட்டரைக் காட்டி, கையில சின்னதா ஒரு எடைவெளி காட்டுனாரு. நான் பாக்கறேன், ரெண்டு டயரும் ரொட்டவேட்டருக்கு வெளிய நாலு விரக்கடை நீட்டிக்கிட்டு நிக்குது. இப்படி ஓட்டுனா என்னாகும்? கத்தி நடுவுல மண்ணை ஒடைச்சுக்கிட்டே போகும், ரெண்டு பக்கமும் டயரு அமுக்கிக்கிட்டே போகும், பூந்தோட்டத்துல ரோட்டுப் போட்ட மாதிரி. பொழுதோட திருமூர்த்தி வந்தான். "ஏம்மா, டயருக்கு டயர் ஒரு டேப்பை வெச்சுப் பாத்திருக்கலாமில்ல?"ன்னான். "உங்கப்பன் டேப்பு வெச்சாடா அளந்தாரு?"ன்னேன். "அப்பா தப்பா அளந்திருப்பாரு"ன்னான். "உங்கப்பன் எல்லாந் தப்பாப் பண்ணுவாரு, அளவு மட்டும் தப்பாது"ன்னு சண்டை புடிச்சேன். "சரி, கல்யாணத்துல இருந்து நீங்க ரெண்டு பேரும் இதே மாதிரிதான், இப்ப ஒரு ஆள் இல்லாமயும் நடக்குது"ன்னு சொல்லிட்டு மேல போயிட்டான். பழைய சாமானைக் கடையில திரும்ப எடுக்க மாட்டாங்களாம்.

அடுத்த நா மத்தியானம் சோறு தின்னுட்டு ஜன்னலோரம் சித்தக் கண்ணை மூடுனேன். இந்த ஊரு மத்தியானம் உங்களுக்கே தெரியும், ஒரு சத்தமும் இருக்காது, மேகத்து நெழலு காட்டு மேல மெதுவா நடந்து போகும், தண்ணிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அப்ப நீங்க வந்தீங்க. வந்து என் எதிர்ல உக்காந்து மேசை மேல வலது கையை விரிச்சு வெச்சீங்க. நான் கேட்டேன், அளவு தப்பாங்க, சரியாங்கன்னு. காப்பி வேணுமாங்கன்னேன், அதுக்கு மட்டும் தலையாட்டுனீங்க. எந்திரிச்சு அடுப்புப் பக்கம் போனவ முழிச்சுக்கிட்டேன். உங்க கை மேசை மேல அப்படியே பெரிசா இருக்கற மாதிரியே இருந்துச்சு. அப்பத்தான் மண்டையில ஒறைச்சுது. கொட்டாயிக்கு ஓடுனேன். குளுருக்குப் போடச் சொல்லி லீராய் உங்களுக்குக் குடுத்த தோல் கையொறை ஆணியில தொங்கிட்டிருந்துச்சு, வெரலெல்லாம் உங்க வெரலு மாதிரியே வளைஞ்சுக்கிட்டு. எடுத்துத் தரையில விரிச்சு, பக்கத்துல என் கையை விரிச்சு வெச்சேன். அடேங்கப்பா, உங்க சாணுக்கும் என் சாணுக்கும் ரெண்டு விரக்கடைக்கு மேல வித்தியாசம். ஏழு சாணுக்குக் கணக்குப் போட்டா முழுசா ஒரு அடி. நீங்க எழுதுனது அஞ்சடி, நான் வாங்குனது நாலடி. முப்பத்தெட்டு வருசம் அந்தக் கையில சோறு போட்டிருக்கறேன், அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு ஏரோப்பிளேன் ஏறியிருக்கறேன், அது இத்தனை பெரிசுன்னு ஒருநா அளந்து பாக்கத் தோணலை பாருங்க. கையொறைக்குள்ள கையை விட்டுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். வெளிய நெழலு மாறியிருந்துச்சு.

லீராய்தான் வழி சொன்னாரு. ரொட்டவேட்டரை நட்டநடுவுல மாட்டாம ஒரு பக்கமாத் தள்ளி மாட்டிட்டா ஒரு டயர் தடத்தை அதுவே அழிச்சுக்கும், இன்னொரு தடத்தை அடுத்த சுத்துல வர்றப்ப அழிச்சுக்கலாம். போல்ட்டைத் தளத்தி வலது பக்கமாத் தள்ளி மாட்டிட்டு, காயிதத்துல படம் போட்டுக் காட்டுனாரு, காட்டு வெளியோரத்துல ஆரம்பிச்சு இப்படியே சுத்திச் சுத்தி உள்ள வான்னு. நான் படத்தைப் பாத்தேன். எடமாச் சுத்தறாரு! வலம் வர்ற பூமியை எடமாச் சுத்துனா வெளங்குமாங்க? "நோ, நோ"ன்னு சொல்லி, கொட்டாய் நடுவுல ஒரு வாளியைக் கவுத்து வெச்சு, கையைக் கூப்பிக்கிட்டு அதை மூணு சுத்து வலமாச் சுத்திக் காட்டுனேன். அவரு நானும் வாளியும் சுத்தறதைப் பாத்துட்டு ஸ்பானரை எடுத்து, மறுபடியும் எல்லாத்தையும் தளத்தி, எடது பக்கமாத் தள்ளி மாட்டுனாரு. நல்ல மனுசன். அப்பறம் அந்தக் கிளட்ச்சு. வருசக்கணக்கா மழையில நின்னதுல அதுக்குள்ள இருக்கற தட்டு ரெண்டும் துருப் புடிச்சு ஒட்டிக்கிட்டுதாம், வழுக்கிக் குடுக்கற சாதின்னு வாங்குனது வழுக்கவே வழுக்காது, கல்லு மாட்டுனா கியர் பாக்ஸையே ஒடைச்சுப்போட்டுரும். சுத்தி இருக்கற போல்ட்டை ஒவ்வொண்ணா ரெண்டு ரெண்டு சுத்துத் தளத்தி, டிராக்டரை முடுக்கி ஒரு நிமிசம் வழுக்கவிட்டாரு, புகைஞ்சுது, கருகுன வாசம் வந்துச்சு, அப்பறம் தளத்துன அளவுக்கே முறுக்கிட்டாரு. வருசா வருசம் இதைப் பண்ணோணுமாம். அன்னையில இருந்து தெனமும் காலையில பல்லு வெளக்குனதும் அதுகிட்டப் போயிருவேனுங்க. வெளக்குக்கு எண்ணெய் இருக்குதான்னு பாக்கற மாதிரி கியர் ஆயில் பாக்கறது, கத்தி போல்ட்டை மூக்குத்தித் திருகைத் தொட்டுப் பாக்கற மாதிரி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கறது, தண்டுக்குக் கிரீஸ் அடிக்கறது. அதுகிட்டப் போறதுக்கு முன்னால இஞ்சினை நிறுத்திச் சாவியைப் புடுங்கி இடுப்புல சொருகிக்கோணும், இது லீராய் எனக்கு வெச்ச சட்டம். ஓட்டவும் அவருதான் பழக்குனாரு. ரோட்டுல கார் ஓட்டச் சொன்னா எனக்குப் பயம். டிராக்டர்ல உக்காந்தா ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்குதுங்க. அது இத்தனை மெதுவாப் போகும்னு நீங்க சொல்லவே இல்லையே.

ஆனா மழை விடலை. நம்ம காடு சுத்தக் கரிசல், ஈரத்துல ஓட்டுனா அப்பறம் அது மண்ணில்லை, செங்கல்லு. தெனமும் ஒரு கைப்புடி எடுத்து உருண்டை புடிச்சு இடுப்பு ஒயரத்துல இருந்து கீழ போடுவேன். தொப்புன்னு விழுந்து அப்படியே கெடந்துச்சுன்னா ஈரம், ஒடைஞ்சு செதறுனாப் பக்குவம். லீராயும் அதே மாதிரிதான் பாக்கறாரு, வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் உருண்டை போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு நிப்போம். பதினேழாந் தேதி புதன்கிழமை உருண்டை ஒடைஞ்சுது. லீராய் கையைத் தட்டிக்கிட்டு, "கோ, கோ"ங்கறாரு. நான் காலண்டரைப் பாத்தேன். அமாவாசை. அமாவாசைக்கு ஏர் பூட்டறதுண்டாங்க நாம? மாட்டுக்கு ஓய்வு, மிசினுக்கும் ஓய்வு. "டுடே நோ மூன், டுடே நோ டிராக்டர்"னுட்டேன். அவரு வானத்தைக் காட்டுனாரு, மேக்கால மழைக் கருக்கல் கட்டியிருந்துச்சு. நான் தலையை ஆட்டிட்டேன். அவரோட அப்பாவும் நெலாவைப் பாத்துத்தான் உருளைக்கெழங்கு போடுவாராம், அதனால மேல வற்புறுத்தலை. மறுநா புடிச்ச மழை விட்டுக் காயறதுக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகிப்போச்சு. திருமூர்த்தி காலண்டர்ல தேதியைக் கிழிக்கறப்ப எல்லாம் என்னைப் பாத்துக் கிழிச்சான். "அந்த ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்மா"ன்னான். நான் கிரீஸ் அடிக்கப் போயிட்டேன்.

முந்தாநா வெள்ளிக்கிழமை உருண்டை ஒடைஞ்சுது. அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனதும், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சுக் குங்குமம் போட்டு, உங்க துண்டை எடுத்து வெயிலுக்குத் தலையில கட்டிக்கிட்டு ஏறிட்டேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. முன்னால கட்டி கட்டியாக் கெடந்த காடு, திரும்பிப் பாத்தா பின்னால புட்டு மாவு மாதிரி கறுப்பாப் பொலபொலன்னு உதுந்துக்கிட்டே வருது. வாசம் வந்துச்சு. சின்னக் குருவிங்க எங்க இருந்துதான் வந்துச்சோ, பின்னாலயே எறங்கி எறங்கிப் புழுப் பொறுக்குது. ரோட்டோரத்துல அந்த நீலப் பூவு பூத்துக் கெடந்துச்சு, வானம் கொஞ்சம் கீழ எறங்கி உக்காந்த மாதிரி. இஞ்சின் சத்தம் போகப் போகத் தாலாட்டு மாதிரி ஆயிப்போச்சு, நான் ஓட்டறனா, காடு என்னைச் சுத்திக்கிட்டு வருதான்னே தெரியலை. சக்கரத்துத் தகரத்து மேல நீங்க ஒரு காலைத் தொங்கப் போட்டு உக்காந்துக்கிட்டு வர்றீங்கன்னே நெனச்சுக்கிட்டு, திரும்பிப் பாத்தாப் போயிருவீங்கன்னு பாக்காமயே ஓட்டுனேன். மெதுவாப் போ மெதுவாப் போன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க.

முக்காவாசி காடு முடிஞ்சிருக்கும். ஒரு காத்து வந்துச்சு பாருங்க, தலையில இருந்த துண்டு பறந்து பின்னால விழுந்துச்சு. நான் எட்டிப் புடிக்கறதுக்குள்ள ரொட்டவேட்டர் அதைத் தின்னுபோட்டுது. சர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சட்டப்படி நிறுத்திச் சாவியை இடுப்புல சொருகிட்டு, ரொட்டவேட்டரைத் தூக்கிக் கீழ கட்டை அண்டக்குடுத்துட்டு, சமையக்கட்டுக் கத்தியை எடுத்தாந்து கீழ படுத்துட்டேன். துணி கத்திச் சுத்துல முறுக்கி உருண்டு உள்ள ஓரத்துக்குப் போயி இறுகிக் கெடக்குது. அதை விட்டா எண்ணெய் சீலு போயிரும், எண்ணெய் போனா கியரு போயிரும். படுத்த வாக்குல ஒவ்வொரு நூலா அறுக்கறேன். உங்க துண்டு. கரை ஒரு பக்கம் வருது, மண்ணு ஒரு பக்கம் வருது, ஒருக்கா உங்க வேர்வை வாசம் வந்துச்சுங்க, மண்ணுக்குள்ள இருந்து.

அந்த நேரத்துக்குத்தான் திருமூர்த்தி வந்திருக்கறான். ஆபீசுல இருந்து ஏழு தடவை போன் பண்ணியிருக்கறான், இஞ்சின் சத்தத்துல எனக்கு எங்க கேக்கும். பயந்துபோயி ஓடியாந்திருக்கறான். வந்தவன் பாத்தது என்ன, டிராக்டர் நடுக்காட்டுல நிக்குது, ரொட்டவேட்டருக்குக் கீழ ஆத்தாளோட ரெண்டு காலு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்குது, சேலையெல்லாம் மண்ணு. "அம்மா!"ன்னு ஒரு சத்தம் போட்டான் பாருங்க. அவன் சின்னதுல கூட அப்படிக் கத்துனதில்லை. கோட்டும் பூட்ஸுமா ஓடியாந்து, வழியில ஒருக்கா விழுந்து, எந்திரிச்சு, என் காலைப் புடிச்சு வெளிய இழுத்தான். நான் கையில கத்தியோட வெளிய வந்தேன். "எதுக்குடா இழுக்கற, இன்னும் ரெண்டு முறுக்கு இருக்குது"ன்னேன். அவன் அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். "நீயுமாம்மா... நீயும் போயிட்டேன்னு..."ன்னு தேம்பித் தேம்பி அழுகறான், முப்பத்தாறு வயசுப் பையன், மூக்கு ஒழுக. அதைப் பாத்ததும் எனக்கும் வந்துருச்சுங்க. அஞ்சு மாசத்து அழுகை. ரெண்டு பேரும் உழுத காட்டுல உக்காந்து, துண்டுக் கிழிசல்ல மாத்தி மாத்தி மூக்கைத் தொடைச்சுக்கிட்டு அழுதோம். பாத்தா ஆஸ்பத்திரி அம்மா சந்தோசப்பட்டிருப்பா.

அழுது முடிச்சுட்டு, "இந்த டிராக்டர் நாளைக்கே போகுது"ன்னான். "சரி போகட்டும். முக்காக் காடு ஓட்டியாச்சு, மிச்சம் கால்வாசிக் காட்டை என்ன பண்றது?"ன்னேன். அவன் திரும்பிக் காட்டைப் பாத்தான். ஒரு பக்கம் மை மாதிரி மண்ணு, நடுவுல மட்டும் கட்டி கட்டியாத் திட்டு. பாதி செரைச்ச தலை மாதிரி இருந்துச்சு, எந்த மனுசனாலயும் அதை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. "எறங்கு, நான் ஓட்டறேன்"னான். "நான் எறங்கித்தான் இருக்கறேன், சாவிதான் என்கிட்ட இருக்குது"ன்னேன். கோட்டைக் கழட்டிப்போட்டு ஏறுனான். என்ன வேகங்க! ஃப்ரீவேன்னு நெனச்சுக்கிட்டான். "மெதுவாப் போடா, வேகமாப் போனா கத்தி மண்ணைத் தள்ளும், ஒடைக்காது!"ன்னு பின்னாலயே ஓடிக் கத்துனேன். கோணல்மாணலா ஓட்டிட்டு எறங்கி வந்து, "நல்லாத்தாம்மா இருக்குது"ன்னான். என்னதுன்னு நான் கேக்கலை. நேத்துச் சனிக்கிழமை மூணு பேருமாச் சேந்து சோளமும் தட்டைப்பயறும் போட்டோம். டிராக்டர் நிக்கட்டும்னு சொல்லிட்டான். காடும் இருக்கட்டுமாம். ராத்திரிச் சோத்துக்கு வர்றப்ப பாத்தேன், காரைக் கொண்டுபோயிக் கொட்டாயில நிறுத்தியிருக்கறான்.

ஆக உங்க ஆசையை நான் காப்பாத்திட்டேனுங்க. மார்ச்சு முடிய இன்னும் மூணு நா கெடக்குது. ரொட்டவேட்டரைக் கழுவிக் காயவெச்சு எண்ணெய் தடவி நிறுத்தியிருக்கறேன். நீங்க இனி நிம்மதியா இருக்கலாம். உங்களைச் சுத்தி அங்க நம்ம ஆளுங்க யார் யார் இருக்கறாங்களோ அத்தனை பேருக்கும் என் கும்பிடு, சின்னவங்க இருந்தா ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடுங்க. காலமெல்லாம் உங்கள்,

மரகதம்.

பின்குறிப்பு: மேல எழுதி மடிச்சு வெச்சப்பறம், இன்னைக்குச் சர்ச்சு முடிஞ்சு லீராய் காட்டைப் பாக்க வந்தாரு. வெதைச்ச காட்டோரத்துல நானும் அவரும் திருமூர்த்தியும் நின்னோம். லீராய் ரொம்ப நேரம் தொப்பியைக் கையில சுத்திக்கிட்டே நின்னாரு. அப்பறம் ஒண்ணு சொன்னாரு, திருமூர்த்தி மொகம் மாறிப்போச்சு. போன வருசம் நீங்க வேலிகிட்ட நின்னு லீராய்கிட்ட சொன்னதை, நீங்க சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுனாரு. "வைஃப் லைக் லேண்ட். மீ நோ லைக். மீ லைக் அபார்ட்மென்ட். நோ டெல் வைஃப்." எனக்கே வெளங்கிப்போச்சுங்க, யாரும் தமிழ்ல சொல்ல வேண்டியிருக்கலை. மிச்சத்தைத்தான் திருமூர்த்தி தமிழ்ல சொன்னான். கடைக்குப் பதிமூணு தடவை போனதும் வாங்கறதுக்கு இல்லையாம், வாங்காம நாளைத் தள்ளறதுக்காம். நாம டெக்சாசுக்கு வர்றதுக்கு முன்னால இருந்த சான்டா கிளாரா அபார்ட்மென்டுல நான் வந்து எறங்குன முதல் நா, ஜன்னலைப் பாத்துட்டு, கண்ணுக்கெட்டுன தூரம் மண்ணே காணமேன்னு ஒரு வார்த்தை சொன்னேனாம், அதைப் பெருசாப் புடிச்சுக்கிட்டீங்களாம். அது நான் சும்மா சொன்னதுங்க, ஊரு பேரு தெரியாத எடத்துல என்னத்தையாவது சொல்லோணுமேன்னு. எனக்கு அந்த அபார்ட்மென்டு புடிச்சிருந்துச்சு. கீழயே கடை, நடந்து போற தூரத்துல நாலு தமிழ்ப் பொம்பளைங்க, லிஃப்ட்டு. நீங்க காடு காடுன்னு நோட்டீசு பாத்ததால சரின்னு கெளம்புனேன். திருமூர்த்தியைத் திரும்பிப் பாத்தேன். "உனக்காவது புடிச்சுதாடா?"ன்னேன். "நீங்க ரெண்டு பேரும் ஆசைப்பட்டீங்கன்னுதாம்மா வாங்குனேன்"னான். லீராய் எங்களை மாத்தி மாத்திப் பாத்தாரு. ஏழு சாணுன்னு ரெட்டைக் கோடு போட்டு எழுதுன மனுசனே, அப்ப இந்தக் காடு நம்மள்ல யாருக்குங்க வேண்டியிருந்துச்சு?